செயப்பாட்டு வினையும் கூட்டித் துடைக்கும் காண்டிராக்டும்

கம்பெனிகளுக்குக் கூட்டித் துடைக்க ஆள் அனுப்பும் தொழிலில், தரை சுத்தமாக இருக்கும் வரைக்கும் நீங்கள் யாரென்று ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு சொட்டு சிந்திவிட்டால் உங்கள் பெயர், ஊர், செல்போன் நம்பர் எல்லாமே எல்லோருக்கும் தெரிந்துவிடும். கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் இந்தத் தொழிலைச் செய்தே தலை நரைத்தவள் நான். மாப்புக் கட்டையோடு உள்ளே நுழைந்தேன். இன்றைக்கு மாப்புப் பிடிக்கிறவர்களை அனுப்புகிறவளாக இருக்கிறேன். நடுவில் யாரும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. பேரம் பேசித்தான் ஏறினேன். கோபம் வந்தால் எதிரில் இருப்பது மேனேஜரா, மின்விசிறியா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கோபத்தாலேயே கையில் இருந்த கம்பெனிகளை இழந்தும் இருக்கிறேன். வருத்தமில்லை. அவற்றில் ஒன்றின் தரை இப்போது எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், மனசு குளிர்ந்தது.

செக்யூரிட்டி காண்டிராக்ட், கேண்டீன் காண்டிராக்ட், லோடிங் காண்டிராக்ட் என்று என்னைப் போலவே கம்பெனி வாசல்களில் நின்று நின்று கால் வீங்கிப்போனவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஒரு இலக்கணச் சொல்லைப் பற்றி எழுதப்போகிறேன். பயந்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்தச் சொல்லின் பெயர் தெரியாமலேயே நாம் எல்லோரும் அதனிடம் தினமும் உதை வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

போர்டு

பெயிண்டில் சேர்க்கும் பிசின் தயாரிக்கிற கம்பெனி ஒன்றுக்கு ஆள் அனுப்புகிறேன். பெயர் வேண்டாம், அங்கே நல்லவர்களும் இருக்கிறார்கள். ஒரு நாள் காலையில் என் பெண்களோடு மெயின் கேட்டுக்குப் போனால், புதிதாக ஒரு போர்டு தொங்குகிறது. ‘ஒப்பந்தத் தொழிலாளர்கள் இனி இவ்வாயில் வழியாக அனுமதிக்கப்பட மாட்டார்கள்.’ பின் கேட் என்பது லாரி போகிற வழி. மழை பெய்தால் முழங்கால் வரை சேறு. சேற்றோடு உள்ளே போய், அந்தச் சேற்றையும் நாங்களேதான் துடைக்க வேண்டும்.

வாசலில் நின்ற செக்யூரிட்டி அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். “யாருண்ணா எங்கள உடமாட்டேன்னு சொல்றது? நீயா?” “நான் இன்னாத்துக்கும்மா சொல்றேன், நீ தெனம் வர்றவ.” “எச்.ஆரா?” “தெரியாது.” “மேனேஜரா?” “அவரு இன்னும் வரலியே.” “அப்போ ராத்திரி பேய் வந்து எழுதிட்டுப் போச்சா?” அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். சண்டை போட வந்தவளுக்கு ஆள் கிடைக்காமல் போனால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நெஞ்சு வரைக்கும் வந்த வார்த்தை திரும்பி உள்ளே போகாது. அவர் கடைசியில் சொன்னார்: “என்னைக் கேட்டா நான் இன்னாம்மா பண்றது, போர்டு சொல்லுது. போய் போர்டாண்ட சண்டை போடு.”

வாத்தியாரம்மாவிடம் பேரம்

அதே கம்பெனி, காண்டிராக்ட் எடுப்பவர்கள் பத்தாவது தேறியிருந்தால்தான் பாதுகாப்புப் பயிற்சிக்குக் கூப்பிடுவோம் என்றது. அந்தப் பயிற்சி இல்லையென்றால் அடுத்த ஒப்பந்தம் இல்லை. நான் எட்டாவதோடு நின்றவள். எனவே இந்த வயதில், பொன்னேரியில் விதைநெல் கடைக்கு மாடியில் நடக்கும் டுடோரியலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் உட்கார்ந்தேன். தமிழ் நடத்தியது வித்யா என்ற பெண். என் மகளைவிடச் சின்னவள். என்னை “அக்கா” என்பாள், நான் அவளை “வாத்தியாரம்மா” என்பேன். ஒரு நாள் அவள் கரும்பலகையில் இரண்டு வரி எழுதினாள். ‘தனம் தரையைத் துடைத்தாள். தரை தனத்தால் துடைக்கப்பட்டது.’ முதலாவது செய்வினை, இரண்டாவது செயப்பாட்டு வினை என்றாள். தனம் நான்தான். நான் துடைத்துப் பல வருடம் ஆகிறது என்று சொல்லிப் பெயரை மாற்றச் சொன்னேன். அவள் மாற்றவில்லை.

எனக்கு அந்த இரண்டாவது வரியைப் பார்த்ததும் கேட்டில் தொங்கிய போர்டு ஞாபகம் வந்துவிட்டது. “இந்த ‘பட்டது’ எங்கேர்ந்து வந்துச்சு?” என்று கேட்டேன். அவள் சந்தோஷமாகிவிட்டாள், அதுவரை அந்த வகுப்பில் யாரும் எதையும் கேட்டதில்லை. ‘செய’ என்பது ‘செய்ய’ என்பதன் பழைய உருவமாம். அதோடு ‘படு’ சேர்ந்து ‘செயப்படு’. ‘படு’ என்றால் மேலே வந்து விழுவது. அடி படுவது, வெயில் படுவது, கண் படுவது எல்லாம் இந்தப் படுதான். கஷ்டப்படு, அவமானப்படு என்பதிலும் இதேதான். அந்தப் ‘படு’ நீண்டால் ‘பாடு’. நாம் படாத பாடு படுகிறோமே, அந்தப் பாடு. ‘வீடு’ என்பது ‘வீட்டு வாடகை’யில் ‘வீட்டு’ ஆகிற மாதிரி, ‘பாடு’ என்பது வினைக்கு முன்னால் வரும்போது ‘பாட்டு’ ஆகிறது. ஆகவே செயப்பாட்டு வினை. ஒருத்தர் செய்தது இன்னொன்றின் மேல் போய் விழுவதைச் சொல்கிற வினை. எதன் மேல் விழுந்ததோ அந்தப் பொருளை முன்னால் நிறுத்திவிட்டு, செய்தவருக்கு ஒரு ‘ஆல்’ போட்டுப் பின்னால் தள்ளிவிடுவார்கள். ‘தனத்தால்’ என்கிற மாதிரி.

அது வரைக்கும் சரி. அடுத்து அவள், அந்த ‘ஆல்’ போட்டவரை விட்டுவிட்டாலும் வாக்கியம் நிற்கும் என்றாள். கரும்பலகையில் ‘தனத்தால்’ என்பதை அழித்துக் காட்டினாள். ‘தரை துடைக்கப்பட்டது.’ நின்றது. எனக்கு வந்ததே கோபம். “அது எப்படிம்மா, செஞ்சவன் ஓடிப்போனாலும் வாக்கியம் மட்டும் கல்லு மாதிரி நிக்குமா? யார் இதுக்கு ஒத்துக்கினது?” என்று எழுந்தே விட்டேன். செய்தது யார் என்று தெரியாத இடத்தில், சொல்லத் தேவையில்லாத இடத்தில் அது உதவும் என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். தெரிந்தே மறைக்கிறவனுக்கு இந்த வினையைப் பயன்படுத்தத் தடை போட வேண்டும், குறைந்தது மூன்று மாதம், என்று நான் பேரம் பேசினேன். வகுப்பு முடிந்து எல்லோரும் கீழே இறங்கிவிட்டார்கள், நான் இறங்கவில்லை. சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே வித்யா கேட்டாள்: “அக்கா, நீங்க பரீட்சைக்குப் படிக்கிறீங்களா, இல்ல யார் மேலயாவது கேஸ் போடப் படிக்கிறீங்களா?”

வழுக்கிய இடம்

அதற்கடுத்த கொஞ்ச நாளில் ஒரு விபத்து. என் பெண்களில் கன்னியம்மா என்று ஒருத்தி. பழவேற்காட்டுப் பக்கம் ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வருகிறவள். அதிகம் பேசமாட்டாள், வேலையில் அவளைக் குறை சொல்ல யாராலும் முடியாது. கிடங்குக்குப் போகும் வழியில் தரையைத் துடைத்துவிட்டு, ‘ஈரம், கவனம்’ என்று எழுதிய மஞ்சள் பலகையை வைத்துவிட்டு, அடுத்த பக்கம் போயிருக்கிறாள். கிடங்கு அதிகாரி சேகர் சார் அந்த வழியாக வந்தார், வழுக்கி விழுந்தார், மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தபோது மஞ்சள் பலகை அந்த இடத்தில் இல்லை. தூரத்தில் சுவரோரமாகச் சாய்ந்திருந்தது. கேமராவில் பார்க்கலாம் என்றால், வழியிலேயே அடுக்கி வைத்திருந்த டிரம்கள் கேமராவை மறைத்துக்கொண்டிருந்தன.

மறுநாள் கன்னியம்மாவைப் பின் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். எச்.ஆரில் பிரகாஷ் என்று ஒரு தம்பி. இஸ்திரி போட்ட சட்டை, பேச்சும் இஸ்திரி போட்டது. “மேடம், எச்சரிக்கைப் பலகை வைக்கப்படவில்லை. அதனால சம்பந்தப்பட்ட பணியாளர் நிறுத்தப்பட்டுள்ளார்” என்றான். “யார் நிறுத்துனது?” என்றேன். “முடிவு எடுக்கப்பட்டிருக்கு மேடம்.” “எடுத்த கை எது? அதைக் காட்டு, நான் அந்தக் கையோட பேசிக்கிறேன்.” டுடோரியலில் படித்ததெல்லாம் எனக்கு நாக்கு நுனியில் நிற்கிறது. “தம்பி, ‘ஆல்’ எங்கப்பா? யாரால நிறுத்தப்பட்டாங்க? அந்த ஒரு ஆளைச் சொல்லு, நான் போயிடறேன்” என்று மேஜையைத் தட்டினேன். பக்கத்து அறையிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. பிரகாஷ் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னான்: “ஆள் எல்லாம் இல்ல மேடம், அது மேலேர்ந்து வந்தது.”

பாடு

தொழில் தெரிந்தவர்கள் இந்த மாதிரி சமயத்தில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஆளை வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டு, இந்தக் கம்பெனிக்கு வேறு ஆளை அனுப்பிவிட்டு, வாயை மூடிக்கொள்வார்கள். நானும் அதைத்தான் சொல்லலாம் என்று பஸ் ஏறிப் பழவேற்காட்டுக்குப் போனேன். கன்னியம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். “காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு எடம் கீது, திங்கக்கெழமையே சேந்துக்கோ, உன் ஊட்டுக்கும் கிட்ட” என்றேன். அவள் தலையைத் தூக்கவில்லை. “வேணாங்க்கா” என்றாள். “ஏன்டி?” “வேற எடத்துக்குப் போயிட்டா அந்த ஆளு கைய ஒடச்சது நான்தான்னு ஆயிடும்.”

எனக்குச் சுருக்கென்றது. சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அங்கே நாலு பேர் நினைப்பதால் என்ன, சம்பளம் வந்தால் போதாதா என்றேன். அவள் இறாலை வைத்துவிட்டு, ஏரியைக் கைகாட்டிப் பேசினாள். இந்த ஏரியில் எந்த இடத்தில், எந்த முறைக்கு, யார் வலை இறக்குவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்களாம். அதற்கும் பெயர் பாடு. அடுத்தவன் பாட்டில் ஒருத்தன் வலை இறக்கிவிட்டால், ஊரே கூடியிருக்கும் இடத்தில் அவனே எழுந்து நின்று “நான் எறக்குனேன்” என்று சொல்ல வேண்டுமாம். சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. சொல்லாவிட்டால் அவன் ஒருத்தனால் மற்ற அத்தனை பேர் மேலும் சந்தேகம் நிற்கும். “வலை தானா எறங்கிடுச்சுன்னு எங்க ஊர்ல ஒருத்தன் சொல்ல முடியாதுக்கா” என்றாள். பிறகு நான் கொண்டுபோன பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி என் பையிலேயே வைத்துவிட்டுச் சொன்னாள்: “அந்த மஞ்ச போர்டை எடுத்தவங்க எல்லாரும் கூடுற எடத்துல நின்னு நான் எடுத்தேன்னு சொல்லட்டும், அன்னிக்கு நான் வரேன், அதுவரைக்கும் உன் காட்டுப்பள்ளியும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

எங்கள் வீட்டு இலக்கணம்

நியாயத்துக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். ‘பட்டது’ போட்டுப் பேசுவது ஆபீஸ்காரர்கள் மட்டும்தான், நாமெல்லாம் நேராகப் பேசுகிறவர்கள் என்று மார் தட்டிக்கொண்டு வித்யாவிடம் போனில் சொன்னேன். அவள் சிரித்தாள். “பேச்சுல நமக்கு ‘படு’ தேவையே இல்லக்கா. ‘உடைஞ்சுது’, ‘கொட்டிடுச்சு’ன்னு சொன்னா போதும், செஞ்சவங்க தானா காணாமப் போயிடுவாங்க. இலக்கணத்துல அது செயப்பாட்டு வினையே கிடையாது. ஆனா வேலை அதே வேலைதான்” என்றாள்.

அன்றைக்கு முழுக்க என் பெண்களைக் காதைத் தீட்டிக்கொண்டு கவனித்தேன். பக்கெட் கவிழ்ந்துடுச்சுக்கா. பினாயில் தீர்ந்துடுச்சுக்கா. மாப்பு காணாமப் போயிடுச்சுக்கா. எங்கள் கம்பெனியில் பக்கெட்டுக்குக் கால் இருக்கிறது, பினாயிலுக்கு வாய் இருக்கிறது, மாப்புக்கு ஊர் சுற்றும் ஆசை இருக்கிறது. மனிதர்கள் மட்டும் ஒன்றும் செய்வதே இல்லை. மாலையில் கான்ஃபரன்ஸ் அறைக் கண்ணாடி டம்ளர் ஒன்று உடைந்தது. “யாருடி உடைச்சது?” என்றேன். துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த ராணி நிமிர்ந்து, முகத்தில் ஒரு குற்றமும் இல்லாமல் சொன்னாள்: “நான் இன்னாக்கா பண்ணேன், கைய நீட்னேன், அது ஒடஞ்சுக்கினு வந்துச்சு.”

லோகேஷ்

கம்பெனிக்கு எதிரே ஒரு டீக்கடை. ஷிஃப்ட் முடிந்து நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது லோகேஷ் பக்கத்தில் வந்து நின்றான். ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பையன், கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். அவனும் காண்டிராக்ட்தான், வேறொருவரின் காண்டிராக்ட். வழக்கமாக என்னைப் பார்த்தால் “இன்னாக்கா, இன்னிக்கு யாரை வாங்கு வாங்குன்னு வாங்குன?” என்று வம்புக்கு இழுப்பான். அன்றைக்கு அவன் வாங்கிய டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. “கன்னியம்மாக்கா வரலியா?” என்றான். “எப்படி வரும்? நிறுத்திப்புட்டாங்களே” என்றேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே, “அந்த மஞ்ச போர்டு... நவுந்துருக்கும்க்கா” என்றான்.

நவுந்துருக்கும். கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. வழக்கமான தனமாக இருந்தால் அந்த இடத்திலேயே சட்டையைப் பிடித்திருப்பேன். ஆனால் அவன் தானாகத் தேடி வந்து நின்றவன். “எதுக்கு நவுந்துச்சாம்?” என்று மெதுவாகக் கேட்டேன். வழியில் டிரம்களை அடுக்கி வைத்துவிட்டதால் வண்டி திரும்ப இடமில்லையாம். லாரி நிற்கிறது, சீக்கிரம் சீக்கிரம் என்று மேலே இருந்து சத்தமாம். இறங்கிப்போய்க் காலால் பலகையைத் தள்ளிவிட்டு வண்டியை எடுத்தவன், திரும்பி வைக்க மறந்துவிட்டான். “சொன்னா என்னைத் தூக்கிடுவாங்கக்கா. அந்த பேஜாரு என்னால தாங்க முடியாது” என்றான். எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அந்தக் கம்பெனியில் காலை ஷிஃப்ட் தொடங்கும்போது எல்லோரும் வட்டமாக நின்று பாதுகாப்புக் கூட்டம் நடத்துவார்கள். அங்கே தன் தவறைத் தானே முன்வந்து சொல்கிறவர் மேல் நடவடிக்கை கிடையாது. எல்லோரும் கை தட்ட வேண்டும். மேனேஜரே கொண்டுவந்த வழக்கம், அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. ஸ்பேனரை மெஷின் மேலேயே விட்டு வந்த ஃபிட்டருக்கு அப்படித்தான் கை தட்டினார்கள். “நீயும் அங்க சொல்லு, கை தட்டிட்டா உன்னைத் தொட முடியாது” என்றேன். லோகேஷ் ஆறிய டீயைக் கீழே ஊற்றிவிட்டுச் சொன்னான்: “அந்தக் கைதட்டு கம்பெனி ஆளுங்களுக்குதான்க்கா, காண்டிராக்ட்காரனுக்கு எவன் தட்டுவான்?”

கைதட்டு

மறுநாள் காலைக் கூட்டத்துக்கு என் பெண்களை எல்லாம் முன்வரிசையில் நிறுத்தினேன். நாங்கள் எப்போதும் பின்வரிசைதான். யாரோ முணுமுணுத்தார்கள், நான் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். சேகர் சார் கையில் மாவுக்கட்டோடு வந்திருந்தார். மேனேஜர் பேசினார். “ஒருவர் வழுக்கி விழ நேரிட்டது. எச்சரிக்கைப் பலகை வைக்கப்படவில்லை. சம்பந்தப்பட்டவர் நிறுத்தப்பட்டுள்ளார். இனி இது தீவிரமாகக் கண்காணிக்கப்படும்.” நான் கையைத் தூக்கினேன். “சார், பலகை வைக்கப்பட்டுச்சு. கன்னியம்மாவால வைக்கப்பட்டுச்சு. அப்புறம் யாராலயோ நகர்த்தப்பட்டுச்சு.” “மேடம், இதைத் தனியா பேசலாமே” என்றார். “உண்மையைச் சொல்ற எடம் இதுதான்னு நீங்கதான சார் சொன்னீங்க? தானா சொன்னா நடவடிக்கை இல்லன்னும் நீங்கதான சொன்னீங்க? அது காண்டிராக்ட் ஆளுக்கும் உண்டா, இல்லியா? அதை மட்டும் சொல்லிடுங்க.” எல்லோரும் அவரையே பார்த்தார்கள். “எல்லாருக்கும் உண்டு” என்றார். வேறென்ன சொல்வார்?

அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலை அது. நாக்கு துடிக்கிறது, லோகேஷ் பக்கம் தலை திரும்பப் பார்க்கிறது, திருப்பவில்லை. அவனை நானாகக் காட்டிக்கொடுத்தால் அந்தச் சலுகையே அவனுக்குக் கிடையாது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்து, “சரி, இத்தோட...” என்று ஆரம்பித்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது. “நான்தான் சார். நான்தான் காலால தள்ளுனேன். திருப்பி வெக்க மறந்துட்டேன். கன்னியம்மாக்கா வெச்சிட்டுதான் போனாங்க.”

ஒருத்தரும் கை தட்டவில்லை. ஃபிட்டருக்குத் தட்டின அத்தனை கைகளும் அங்கேதான் இருந்தன, பேன்ட் பாக்கெட்டில் இருந்தன. நான் தட்டினேன். ஒற்றை ஆள் கை தட்டினால் எவ்வளவு அசிங்கமாகக் கேட்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நிறுத்தவில்லை. என் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அப்போதும் கம்பெனிக்காரர்கள் அசையவில்லை. பிறகு இன்னொரு சத்தம் கேட்டது. திரும்பினால் சேகர் சார், ஒரு கையில் கட்டு இருப்பதால் மறு கையால் தன் தொடையைத் தட்டிக்கொண்டிருக்கிறார். விழுந்தவரே தட்டிய பிறகு யார்தான் சும்மா இருக்க முடியும்? வட்டம் முழுக்கத் தட்டியது. பிரகாஷும் தட்டினான். கடைசியாக மேனேஜரும் தட்டினார், சாம்பார்ப் பாத்திரத்தை மூடுகிற மாதிரி மெதுவாக, சத்தம் வராமல்.

எனக்கு அது போதவில்லை. “டிரம்மை வழியில அடுக்கச் சொன்னது யாரு சார்?” என்றேன். சேகர் சார், “அடுக்குனது என் ஆளுங்க” என்றார், அதற்கு மேல் சொல்லாமல் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தரையைப் பார்த்தார். சுத்தமான தரை, நாங்கள் துடைத்தது. அந்த டிரம்களை அடுக்கச் சொன்னவர் இன்று வரைக்கும் அந்தக் கம்பெனியில் பிறக்கவில்லை. ஆனால் மேனேஜர் தலையைத் தூக்கி, “கன்னியம்மாவை நாளைக்கு வரச் சொல்லிடுங்க” என்றார். விட்டேனா? “யார் சொன்னதா சொல்லட்டும் சார்? போர்டா, மேலேர்ந்தா?” யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவர் என்னை நேராகப் பார்த்தார், அந்தக் கம்பெனியில் முதல்முறையாக ஒருத்தர் என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்: “நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

திரும்பி வந்தவள்

கன்னியம்மா அடுத்த நாள் வந்தாள். நடந்ததை எல்லாம் நான் விலாவாரியாகச் சொன்னேன், கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: “எல்லாரும் கூடுன எடத்துலயா சொன்னான்?” ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு மாப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். லோகேஷுக்கு வேலை போகவில்லை. ஆனால் அன்றைக்குக் காலை முழுக்க அவள் இருக்கும் பக்கமே வண்டியைத் திருப்பாமல் சுற்றிச் சுற்றி ஓட்டினான். மதியத்துக்கு மேல் வேறு வழியில்லாமல் கிடங்குப் பக்கம் வந்தான். மஞ்சள் பலகை நடுவில் நிற்கிறது. பலகைக்குப் பக்கத்தில் கன்னியம்மா நிற்கிறாள். வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

அவள் ஈரத்தை ஒட்டத் துடைத்தாள். மாப்பைச் சுவரில் சாய்த்தாள். பலகையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு, போ என்று கண்ணாலேயே காட்டினாள். வண்டி அவளைக் கடக்கும்போது அவன் ஏதோ முணுமுணுத்தான், மன்னிப்பாக இருக்கலாம், ஃபோர்க்லிஃப்ட் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அவள் சொன்னது மட்டும் கேட்டது: “அடுத்த தபா போர்டு நவுரணும்னா ஹாரன் அடி, நான் வந்து நவுத்துறேன்; உனுக்குக் கை தட்டிக்கினு நிக்க இங்க யாருக்கும் நேரம் இல்ல.”

இத்தனை வருடம் துடைத்ததில் நான் தெரிந்துகொண்டது, தரையில் விழும் கறைகள் எல்லாம் தாமாகவே விழுந்தவையாகத்தான் இருக்கும், மாப்பை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒருத்தர் கையில் கொடுப்பார்கள்.